செட்டிநாட்டு வீட்டில் கேஸ் லைனை நீட்டும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் வீடுகளுக்கு கேஸ் லைன் போடுவது என் தொழில். மாதத்தில் நாலைந்து பேராவது ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள்: "புது அடுப்பு வந்திருக்கு, லைனைக் கொஞ்சம் நீட்டிக் கொடுங்க." அந்தக் "கொஞ்ச"த்துக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து சொல்லி வந்ததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் சிலிண்டரில் வரும் எல்பிஜி பற்றியது. குழாய் வழியே வரும் இயற்கை எரிவாயுவுக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு.

அடுப்படியில் ஏற்கெனவே காப்பர் லைன் இருக்கிறது. ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டுப் பிரித்துவிட்டால் போதாதா?

சில வீடுகளில் போதும், சில வீடுகளில் போதாது. கூட்டிப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

வீட்டு ரெகுலேட்டர் தரும் அழுத்தம் சுமார் 30 மில்லிபார்தான். ஒரு கண்ணாடிக் குழாயில் ஒரு முழத்துக்கும் குறைவாக, 30 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அடியில் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ அவ்வளவுதான் அது. இத்தனை மெல்லிய அழுத்தத்தில் போகும் வாயு, பைப்பின் நீளத்திலும் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே போகும். பழைய அடுப்புக்குச் சரியாக இருந்த பைப், புது அடுப்பையும் சேர்த்துப் பற்றவைக்கும்போது பற்றாமல் போகலாம். ஒன்றைப் பெரிதாக்கினால் இன்னொன்று சுருங்குகிறது என்றால் காரணம் இதுதான். அதற்குப் போய் பர்னரின் ஜெட்டை, அதாவது வாயு வெளிவரும் சின்னத் துளையை, குடைந்து பெரிதாக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அளவு மாறிய ஜெட்டில் வாயுவும் காற்றும் சரியாகக் கலக்காது. பாத்திரம் கரி பிடிக்கும், சரியாக எரியாத புகை அடுப்படியில் நிற்கும்.

கணக்கு இப்படி. 1 கிலோ எல்பிஜி எரிந்தால் ஏறக்குறைய 11,000 கிலோகலோரி வெப்பம் கிடைக்கும், அதாவது சுமார் 12.8 கிலோவாட் மணி. அடுப்பின் அடியிலோ பக்கத்திலோ ஒட்டியிருக்கும் தகட்டில் ஒவ்வொரு பர்னரும் எவ்வளவு எடுக்கும் என்று எழுதியிருப்பார்கள். சிறியது 1.5 கிலோவாட், நடுத்தரமானது 2 கிலோவாட், பெரியது 3 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் உள்ள மூன்று பர்னர் அடுப்பு ஒன்றுக்கு 6.5 கிலோவாட், பின்கட்டில் பலகாரம் சுட வைக்கும், நடுத்தரமும் பெரியதும் உள்ள இரண்டு பர்னர் அடுப்புக்கு 5 கிலோவாட் என்றால் மொத்தம் 11.5. எல்லாம் ஒரே நேரத்தில் முழுசாக எரிந்தால் மணிக்கு 0.9 கிலோ வாயு வேண்டும். அதிரசமும் கந்தரப்பமும் சுடும் நாளில் நம் வீடுகளில் எல்லா பர்னரும் ஒரே நேரத்தில் எரியத்தான் செய்யும். அதனால் சராசரியைப் பார்க்காமல் அந்த நாளையே கணக்கில் வையுங்கள்.

இந்த 0.9 கிலோவை ரெகுலேட்டர் விட வேண்டும், சிலிண்டரும் அந்த வேகத்தில் ஆவியாக்கித் தர வேண்டும். உள்ளே இருப்பது திரவம். அது ஆவியாகும்போது குளிரும். சிலிண்டரின் கீழ்ப்பாதி வியர்த்து, தொட்டால் ஜில்லென்று இருந்தால் அது தன்னால் முடிந்த மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு அடுப்பைச் சேர்ப்பது வீண்.

அப்படியானால் பைப்பை எந்த அளவில் போட வேண்டும்?

நீளத்தையும் மொத்த வாயுவையும் வைத்து அட்டவணை பார்த்துப் போட வேண்டும். ஒரு விஷயம் மட்டும் மனதில் இருக்கட்டும்: உள்விட்டம் கொஞ்சம் கூடினாலே ஓட்டம் நிறையக் கூடும். உள்விட்டம் 10 மி.மீ. இருக்கும் பைப்பை 13 மி.மீ. ஆக்கினால், அதே அழுத்த இழப்பில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வாயு போகும். நம் வீடுகள் நீளமானவை. முகப்பிலிருந்து பின்வாசல் வரை ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கே போகிற வீடுகள் உண்டு. அதனால் பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்குப் போடும் அளவை இங்கே கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. பிரதானக் குழாயைப் பெரிதாகப் போட்டு, கிளையை மட்டும் சின்னதாக எடுப்பது என் வழக்கம். பின்னால் இன்னொரு அடுப்பு வந்தாலும் உடைக்க வேண்டியதில்லை.

ரப்பர் டியூப்பிலேயே பிளாஸ்டிக் டீ செருகி இரண்டு அடுப்பு மாட்டலாமா?

கூடாது. எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. ஒரு டியூப், ஒரு அடுப்பு. எஃகுக் கம்பிப் பின்னல் உள்ள, ஐஎஸ்ஐ முத்திரை போட்ட ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப் 1.5 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது, சுவருக்குள் நுழையக் கூடாது, 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

இதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? விதி என்று ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. வீடு, கடை, தொழிற்கூடங்களில் சிலிண்டர் வைத்துக் குழாய் இழுப்பதற்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 6044, முதல் பகுதி. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் 9-ஆம் பகுதியிலும் எரிவாயுவுக்கென்று தனிப் பிரிவு உண்டு. சிலிண்டர்களுக்கு எரிவாயு உருளை விதிகள் 2016. வீட்டு இணைப்பை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்பதற்கு எல்பிஜி விநியோக ஒழுங்குமுறை ஆணை 2000.

நடைமுறையில் நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் உங்கள் கேஸ் ஏஜென்சி. வேலை ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள், முடிந்ததும் அவர்களுடைய மெக்கானிக் வந்து பார்க்கட்டும். இதில் இன்னொரு காரணமும் இருக்கிறது. எண்ணெய் நிறுவனங்கள் பதிவுபெற்ற வாடிக்கையாளர் வீடுகளுக்கு விபத்துக் காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன: உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம், மருத்துவச் செலவுக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, பதிவான முகவரியில் சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம் வரை. ஏஜென்சிக்குத் தெரியாமல் இழுத்த லைன், முத்திரை இல்லாத டியூப் என்றால் அந்த நேரத்தில் கேள்விமேல் கேள்வி வரும்.

எங்கள் வீட்டுச் சுவர் ஒன்றரை அடிக்கு மேல் கனம். பளிங்கு மாதிரிப் பூச்சு வேறு. பைப்பை எப்படிக் கொண்டுபோவது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பயமும் இதில்தான் அதிகம்.

சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, பல பூச்சுகளாக இழைத்துத் தேய்த்த சுவர் அது. உளியை வைத்துக் காடி எடுத்தால் அந்த இடத்தை மறுபடி அதே மாதிரி பூசித் தரும் கை இன்று கிடைப்பது கடினம். சிமென்ட் வைத்து அடைத்தால் வேறு நிறத்தில் தழும்பு மாதிரி நிற்கும், நாளடைவில் ஓரம் விட்டுவிடும். அதைவிட முக்கியம், கேஸ் பைப்பைச் சுவருக்குள் புதைக்கவே கூடாது என்பது என் கட்சி. கண்ணுக்குத் தெரிகிற பைப்பில் பிரச்சினை வந்தால் அன்றே தெரியும். புதைத்த பைப்பில் வாசனை ஒரு இடத்தில் வரும், ஓட்டை இன்னொரு இடத்தில் இருக்கும்.

அதனால் வழி இதுதான். பைப் முழுவதும் வீட்டின் வெளிப்புறமாக, பின்கட்டுச் சுவரை ஒட்டி, தாழ்வாரத்துக்குக் கீழே ஓடட்டும். அடுப்படிக்கு நேர் வெளியே வந்ததும் ஒரே ஒரு இடத்தில் மட்டும் உள்ளே நுழையட்டும். அந்தத் துளையைச் சுத்தியல் டிரில்லால் அதிரவிட்டுப் போடாமல், வட்டமாக அறுத்தெடுக்கும் கோர் கட்டிங் மெஷினால், மெதுவாகப் போட வேண்டும். உள்பக்கப் பூச்சு சிதறாமல் இருக்க நான் உள்ளிருந்து வெளியேதான் துளைப்பேன். துளைக்குள் ஒரு ஸ்லீவ், அதாவது பைப்பைவிடக் கொஞ்சம் பெரிய உறைக்குழாய் வைத்து, அதற்குள் கேஸ் பைப் போக வேண்டும். சுவருக்குள் இருக்கும் அந்த ஒன்றரை அடியில் ஜாயின்ட்டே இருக்கக் கூடாது. ஸ்லீவை வெளிப்பக்கம் லேசாகச் சரித்து வைத்தால் மழைத் தண்ணீர் உள்ளே வராது. உள்பக்க வாயை மூடிவிட்டு வெளிப்பக்கத்தைத் திறந்து விட்டால், எப்போதாவது கசிந்தாலும் வாயு வீட்டுக்குள் வராமல் வெளியே போகும்.

கிளாம்ப் அடிக்கும்போதும் ஒரு விஷயம். சுண்ணாம்புப் பூச்சு கனமாக இருப்பதால் சின்னத் திருகு பூச்சிலேயே நின்றுவிடும், ஆறே மாதத்தில் கழன்று வரும். செங்கல் வரை போகும் நீளத் திருகு போட வேண்டும். மீட்டருக்கு ஒன்று வீதம், உள்ளே ரப்பர் வைத்த கிளாம்ப் போடுங்கள். வெறும் இரும்பு கிளாம்ப் செம்பைத் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால் அரிப்பு வரும்.

தரையைத் தோண்டி ஆத்தங்குடிக் கல்லுக்கு அடியில் விட்டால் வெளியே தெரியாதே?

வேண்டாம். முற்றத்தைச் சுற்றியுள்ள வளவைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற வீடு, ஈரம் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். கையால் கண்ணாடிமேல் வார்த்த கல்லைப் பெயர்த்து மறுபடி அதே இடத்தில் வைத்தாலும் நிறம் ஒத்துவராது.

ஜாயின்ட் எப்படிப் போட வேண்டும்? ஈயப் பற்று போதுமா?

போதாது. ஈயப் பற்று 200 டிகிரி அளவிலேயே இளகிவிடும். அடுப்படியில் சின்னத் தீ பிடித்தாலும் ஜாயின்ட் திறந்துகொண்டு, தீக்குத் தீனி போடும். 600 டிகிரிக்கு மேல் உருகும் கம்பியால் பிரேஸிங் செய்ய வேண்டும், அல்லது பைப்பின் வாயைப் புனல் மாதிரி விரித்து ஃபிளேர் நட் போட்டு இறுக்க வேண்டும். ஃபிளேர் ஜாயின்ட்டில் டேப் சுற்றக் கூடாது, உலோகமும் உலோகமும்தான் அடைக்க வேண்டும். மரை உள்ள இடங்களில் கேஸுக்கென்றே உள்ள டேப்போ பசையோ போடுங்கள். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் சணல் இங்கே உதவாது.

பிரேஸிங் என்றதும் நம் வீடுகளில் ஒரு எச்சரிக்கை அவசியம். தலைக்கு மேலே பர்மாத் தேக்கு உத்திரம், பக்கத்தில் தேக்கு நிலை, கதவு. நூறு வருடம் காய்ந்த மரம். டார்ச் சுவாலை ஒரு நொடி நாக்கை நீட்டினாலும் இடுக்கில் கங்கு பிடித்து, நாங்கள் கிளம்பிப் போன பிறகு புகையும். அதனால் முடிந்தவரை பற்றவைப்புகளை முற்றத்தில் வைத்து முடித்துக்கொண்டு, பொருத்தும் இடத்தில் ஃபிளேர் நட்டால் மட்டும் இணைப்பேன். தவிர்க்கவே முடியாத இடத்தில் ஈரச்சாக்கு, தகடு, ஒரு வாளித் தண்ணீர். முடித்த பிறகு ஒரு மணி நேரமாவது அங்கேயே இருப்பேன். உங்கள் மெக்கானிக் இதைச் செய்யாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

ஒவ்வொரு அடுப்புக்கும் தனியாக, கால்வாசிச் சுற்றில் மூடும் பால் (ball) வால்வு வேண்டும். எரியும் அடுப்புக்கு மேலே கையை நீட்டாமல் மூடக்கூடிய இடத்தில் அது இருக்க வேண்டும். கேஸ் பைப்பை எர்த்துக்குப் பயன்படுத்தவே கூடாது. பழைய வயரிங் உள்ள வீடுகளில் இதையும் பார்த்துவிடுங்கள்.

சிலிண்டரைப் பின்கட்டில் வைக்கலாமா? எங்கே வைப்பது?

பின்கட்டு நல்ல இடம். நாலு பக்கமும் காற்று. ஆனால் எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் தண்ணீர் மாதிரி தாழ்வான இடம் தேடிப் போகும். முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் தூம்பு, மூடிய சாக்கடை, கிணறு, நிலவறை, இவையெல்லாம் அது தேங்கும் இடங்கள். நான் 2 மீட்டராவது தள்ளி வைக்கிறேன். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் விருந்துக்கும் மூட்டும் விறகடுப்பு இருக்கும் பக்கம் கட்டாயம் கூடாது.

சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். படுத்தால் திரவமே லைனுக்குள் போகும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். வெயில், மழை படாமல் கூரை, பூட்டுப் போட்ட கம்பிக் கூண்டு போதும். மரப்பெட்டிக்குள் அடைக்கிறீர்கள் என்றால் அடிப்பக்கம் திறப்பு இருக்க வேண்டும்.

கேஸ் கெய்சருக்கும் அதே லைனிலிருந்து கொடுக்கலாமா?

கொடுக்கும் முன் இரண்டு கணக்குப் போட்டுவிடுங்கள்.

முதல் கணக்கு வாயு. நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடேற்ற வேண்டும் என்றால் நிமிடத்துக்கு 150 கிலோகலோரி, மணிக்கு 9,000. நூற்றுக்கு 80 பங்கு வெப்பம்தான் தண்ணீரில் சேரும் என்று வைத்தால் 11,250. அதாவது மணிக்கு 1 கிலோ எல்பிஜி. மேலே சொன்ன இரண்டு அடுப்பும் சேர்ந்து கேட்பதைவிட இந்த ஒரு பெட்டி அதிகமாகக் கேட்கிறது. அடுப்புக்காகப் போட்ட லைனில் இதைத் தொங்கவிட்டால் இரண்டுமே கெடும்.

இரண்டாவது கணக்கு உயிர் சம்பந்தப்பட்டது. 1 கிலோ எல்பிஜி எரிய சுமார் 12 கன மீட்டர் காற்று வேண்டும். 2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள குளியலறையில் மொத்தமே 9 கன மீட்டர் காற்றுதான் இருக்கிறது. கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு குளிக்கும்போது காற்றில் ஆக்சிஜன் குறைந்து, கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சிலிண்டர் வாயுவில் சேர்த்திருக்கும் நாற்றப் பொருள் எரிந்துபோவதால் மூக்கு எதையும் சொல்லாது. தலை சுற்றும், கால் துவளும், தாழ்ப்பாளைத் திறக்கக்கூட முடியாமல் விழுந்துவிடுவார்கள். நம் நாட்டில் இப்படிப் போன உயிர்கள் பல.

எனவே கெய்சர் குளியலறைக்கு உள்ளே வேண்டாம். பின்கட்டின் திறந்த பக்கத்து வெளிச்சுவரில் மாட்டி, சுடுதண்ணீரை மட்டும் பைப்பில் உள்ளே கொண்டுவாருங்கள். உள்ளேதான் மாட்டிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வீட்டில் பிடிவாதமாகச் சொன்னார்கள். நான் அந்த வேலையை விட்டுவிட்டு வந்தேன். இன்றும் அப்படித்தான் செய்வேன்.

வேலை முடிந்ததும் சோப்பு நுரை வைத்துப் பார்த்தால் போதாதா?

நுரை, கசிகிற இடத்தைக் காட்டும். கசிவே இல்லை என்பதைச் சொல்ல அழுத்தச் சோதனை வேண்டும். ரெகுலேட்டரையும் அடுப்பையும் கழற்றிவிட்டு, இரண்டு முனையையும் அடைத்து, லைனுக்குள் காற்றையோ நைட்ரஜனையோ ஏற்றி, பிரஷர் கேஜைப் பார்த்துக்கொண்டே காத்திருக்க வேண்டும். ஆக்சிஜன் ஏற்றவே கூடாது. முள் அசையக் கூடாது. அதற்குப் பிறகுதான் எல்லா ஜாயின்ட்டுக்கும் நுரை. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது சோதனையே ஆகாது.

இந்தக் காத்திருப்பில் நான் ஒருமுறை தவறினேன். பள்ளத்தூர் பக்கம் ஒரு வீடு, முற்றத்துச் சுவரில் நீளமாக லைன். காலை பத்து மணிக்குக் காற்று ஏற்றினேன். பதினொன்றரை வரை முள் அப்படியே நின்றது. சரி என்று இணைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் விடியற்காலை ஆச்சி போன் செய்தார்கள், பின்கட்டில் வாடை வருகிறது என்று. ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு ஃபிளேர் ஜாயின்ட் மிக மெல்லியதாகக் கசிந்திருக்கிறது. முள் ஏன் இறங்கவில்லை? பைப்மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கேஜில் 1 பார் இருக்கும் லைன் 12 டிகிரி சூடேறினால், உள்ளே இருக்கும் காற்று விரிவதால் மட்டுமே 0.08 பார் ஏறும். ஒரு பக்கம் கசிந்து இறங்கியதை, இன்னொரு பக்கம் வெயில் ஏற்றிச் சரிக்கட்டிவிட்டது. நல்லவேளை, திறந்த முற்றம். ஆச்சியும் உடனே சிலிண்டரை மூடியிருந்தார்கள்.

அன்றிலிருந்து சோதனையை வெயில் விழும் முன்போ, சாயங்காலம் சுவர் ஆறிய பிறகோதான் செய்கிறேன். ஆரம்பத்திலும் முடிவிலும் பைப்பின் சூட்டையும் குறித்துக்கொள்கிறேன்.

விசேஷத்துக்கு வரும் சமையல்காரரின் பெரிய அடுப்பை வீட்டு லைனில் மாட்டலாமா?

மாட்டக் கூடாது. அந்த அடுப்பு உயர் அழுத்தத்தில் எரிவது. அதற்கான ரெகுலேட்டரை வீட்டு லைனில் வைத்தால் வீட்டு அடுப்பின் குமிழ்களும் டியூப்பும் தாங்காது. அறுபதாம் கல்யாணமோ படைப்போ, சமையல்காரர் தன் நீலச் சிலிண்டரோடு திறந்தவெளியில் தனியாக வைத்துக்கொள்ளட்டும்.

வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கியிருக்கிறோம். இருக்கும் லைனையே நீட்டிக்கொள்ளலாமா?

விருந்தினருக்குக் காசு வாங்கிச் சமைத்துப் போட்டால் அது வணிகம். 14.2 கிலோ சிவப்புச் சிலிண்டர் அதற்கு ஆகாது. 19 கிலோ வணிகச் சிலிண்டர் இணைப்பு எடுக்க வேண்டும். இரண்டு மூன்று சிலிண்டரைச் சேர்த்து மேனிஃபோல்டு அமைக்கும்போது லைனையும் புதிதாகவே வடிவமைப்பது நல்லது. மொத்த இருப்பு 100 கிலோவைத் தாண்டினால் உரிமம் வேண்டும். அப்படிப் பார்த்தால் 19 கிலோவில் ஐந்து சிலிண்டர் வரை உள்ளே இருக்கும், ஆறாவது வந்தால் தாண்டிவிடும். காலியானதையும் வெளியே அனுப்பாமல் வரிசையாக அடுக்கி வைக்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. அதை விடுங்கள்.

நாங்கள் சென்னையில் இருக்கிறோம். வருஷத்துக்கு இரண்டு தடவைதான் வீட்டைத் திறக்கிறோம். எதைப் பார்க்க வேண்டும்?

நம் பக்கத்தில் பாதி வீட்டுக்கு இந்தக் கேள்வி பொருந்தும்.

பூட்டிவிட்டுப் போகும்போது ரெகுலேட்டரை மூடினால் மட்டும் போதாது. கழற்றி வைத்து, சிலிண்டரின் வாயில் நூலோடு தொங்கும் வெள்ளை மூடியைப் போட்டுவிட்டுப் போங்கள். டியூப்பையும் கழற்றி, எலி எட்டாத இடத்தில் வையுங்கள்.

திரும்பி வந்ததும் முதலில் கதவு, ஜன்னல் எல்லாம் திற. ஸ்விட்சைத் தொடும் முன் மோந்து பார். எங்கள் வீட்டில் அப்பச்சி எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தது இது. அப்புறம் டியூப்பை வளைத்துப் பாருங்கள், வெடிப்போ பல் தடமோ இருந்தால் புதிது வாங்குங்கள். பர்னருக்குக் கீழே உள்ள காற்று நுழையும் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கும், சிலந்தி வலை பின்னியிருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் பற்றவைத்தால் சுவாலை பின்பக்கமாகத் திரும்பி எரியும். வெளியே ஓடும் பைப்பை ஒரு முறை கண்ணால் தொடர்ந்து போய்ப் பாருங்கள். குரங்கு தொங்கி கிளாம்ப் கழன்ற வீடும் உண்டு. புது அடுப்புக்காக லைனை நீட்டும் வேலையைத் திருவிழாவுக்கு முந்தின நாள் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வாரமாவது முன்பே முடித்து, நீங்கள் ஊரில் இருக்கும்போதே நாலு நாள் எரித்துப் பாருங்கள்.

வாசனை வந்தால்?

ரெகுலேட்டரை மூடுங்கள். ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவுகளைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். வெளியே வந்த பிறகு 1906-க்கு போன் செய்யுங்கள். எல்பிஜி கசிவுக்கென்றே உள்ள எண் அது, இரவும் பகலும் எடுப்பார்கள்.

நாளைக்குக் குழாய் வழி கேஸ் வந்தால் இதே லைன் போதுமா?

அப்படியே ஆகாது. இயற்கை எரிவாயு வீட்டுக்குள் சுமார் 21 மில்லிபாரில் வரும். ஒரே கன அளவில் எல்பிஜி தரும் வெப்பத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் தரும். எனவே ஜெட் மாற வேண்டும், பைப்பும் பெரிதாக வேண்டியிருக்கும். அது காற்றைவிட லேசானது, மேலே போகும். அப்போது அடுப்படியின் மேல்பக்கம் திறப்பு வேண்டும். இன்றைக்கு லைன் போடும்போதே பிரதானக் குழாயை ஒரு அளவு பெரிதாகப் போட்டால் அன்றைக்கு உதவும்.

வேலை முடிந்ததும் மெக்கானிக்கிடம் என்ன வாங்கிக்கொள்ள வேண்டும்?

ஒரு தாள். எந்த அளவு பைப், எத்தனை மீட்டர், ஜாயின்ட்டுகள் எங்கெங்கே, எந்த வால்வு எந்த அடுப்புக்கு என்று கையால் வரைந்த படம். சோதனை செய்த தேதி, நேரம், ஆரம்ப அழுத்தம், முடிவு அழுத்தம். டியூப் மாற்ற வேண்டிய ஆண்டு. மெக்கானிக்கின் கையெழுத்து. அதைப் பீரோவுக்குள் வைக்காமல், அடுப்படி அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பத்து வருடம் கழித்து லைனைத் தொட வரும் ஆள் முதலில் பார்க்க வேண்டியது அது.